சம்பந்தி தோப்பில் நான் வைத்த செய்வினை

நான் ஒரு குடும்பத்துக்குச் செய்வினை வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு இல்லை, அறுபது. அதுவும் யாரோ எவரோ வீட்டுக்கு இல்லை. என் கூடப் பிறந்த அக்காவை நிச்சயம் செய்திருந்த வீட்டின் தென்னந்தோப்பில். (பதறாதீர்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின்படிதான் வைத்தேன். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.)

அப்போது நான் கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. அந்த வயதில் எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் நானே என்னை ஓர் அறை விடலாம் போலிருக்கிறது. வீட்டில் யாராவது "குப்பையைக் கொட்டு" என்றால், "அது குப்பை இல்லை, கரிமப்பொருள்" என்று திருத்துவேன். "செரி, அந்தக் கருமத்தைக் கொண்டுபோய்க் கொட்டு" என்பார் அம்மா. எனக்கு உறைக்காது.

அந்தப் பருவத்தில் மேம்பட்ட சூழலியல் என்று ஒரு தாள் இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு களச் சோதனையைத் தானே வடிவமைத்து, தானே செய்து, தேர்வாளர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். நான் எடுத்துக்கொண்டது இலை மக்குவதை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். இலையைக் காயவைத்து எடை போட்டு, கொசுவலை மாதிரி இருக்கும் நைலான் பையில் போட்டுத் தைத்து, மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் புதைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சில பைகளைத் தோண்டியெடுத்து, கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவும் நுண்ணுயிரிகள் தின்றது என்று கணக்கு.

தென்னைக்குத் தழையுரமாகப் போடுகிற வேம்பு, எருக்கு, கிளைரிசிடியா மூன்றில் எது சீக்கிரம் மக்குகிறது என்பதுதான் என் கேள்வி. தோண்டும்போது எது எந்தப் பை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமல்லவா? அதனால் வேம்பு இருந்த பையைச் சிவப்பு நூலால் தைத்தேன். எருக்குக்குக் கறுப்பு நூல், கிளைரிசிடியாவுக்கு மஞ்சள் நூல். காகிதத்தில் எண் எழுதினால் அதுவும் சேர்ந்து மக்கிவிடும் என்று மெல்லிய அலுமினியத் தகட்டைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஆணியால் 'வே 7', 'எ 12' என்று குத்திக் குத்தி எழுதி, பைக்கு ஒன்றாக உள்ளே போட்டேன். (இந்த இடத்தில் உங்களுக்கு ஏதோ உறுத்தினால் நீங்கள் விவரமானவர். எனக்கு உறுத்தவில்லை. நான் படித்தவன்.)

மொத்தம் அறுபது பை. இருபது மரம், மரத்தடிக்கு மூன்று. ஆனால் மரத்துக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் இருந்த மண்ணெல்லாம் மொட்டை மாடியில் இரண்டு பூந்தொட்டியில் அடக்கம். அப்போதுதான் எனக்கு அக்காவின் மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. சிவக்குமார் என்று பெயர், பெருந்துறையில் ஓர் ஆலையில் வேலை, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் குடும்பத்துக்குத் தென்னந்தோப்பு. போன் போட்டேன்.

"மாமா, உங்க தோப்புல ஒரு இருவது மரத்தடியில சின்னதா ஒரு எக்ஸ்பெரிமெண்ட் பண்ணிக்கட்டுங்களா?"

"இதையெல்லாம் கேக்கோணுமா மாப்ள? உங்க தோப்புங்க அது. தாராளமாப் பண்ணுங்க."

பெருந்தன்மையான மனிதர். அதைத் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க மட்டும் மறந்துவிட்டார்.

அவர் மறந்தால் என்ன, நான் நேராக வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது சரி. சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுக்குள் காலை வைத்தால் என்ன ஆகும் என்று கோவைக்காரர்களுக்குத் தெரியும். முதலில் ஒரு சொம்பு தண்ணீர். பிறகு காபி. "வந்தது வந்துட்டீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்க" என்று உட்காரவைப்பார்கள். சாப்பிட்டு எழுந்தால், "வெயில் தாழட்டுங்க" என்று கட்டில் போடுவார்கள். வெயில் தாழ்ந்தால் இளநீர், அப்புறம் பலகாரம், இன்னொரு காபி. கிளம்பும்போது தூக்கவே முடியாத ஒரு மூட்டைத் தேங்காய். போதாததற்கு, நிச்சயமான வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. பழம், இனிப்பு, வெற்றிலை பாக்கு என்று தட்டு தயாராக வேண்டும். எனக்கோ அறுபது பையையும் ஒரே நாளில் புதைத்தாக வேண்டும். இல்லையென்றால் சோதனையே செல்லாது.

ஆகவே, வீடு ஊருக்குள் இருக்க, தோப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்க, நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் போகாமல் நேரே தோப்புக்கு நடந்தேன். நடுப்பகல். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எந்த மரம் என்பதைக்கூட என் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. செல்போனில் சமவாய்ப்பு எண்களைப் போட்டு, வந்த எண்ணுக்குரிய மரத்தடியில் தோண்டினேன். படம் வரைந்து குறித்துக்கொண்டேன். பதினைந்தாம் நாள் அதே மாதிரி போய், நான்கு மரத்தடியிலிருந்து பன்னிரண்டு பைகளை எடுத்து வந்தேன். இரண்டு முறையும் ஒரு டம்ளர் காபிகூடக் குடிக்காமல் திரும்பியதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அதற்கு அடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பத்திரிகை பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா என் அப்பாவுக்கு போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங் சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? காப்பி குடிச்சாச்சுங்களா? அங்க மழையுங்களா?"

மழையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. பத்து நாளா ஊட்டுல ஒண்ணும் செரியில்லீங்க. மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு. எனக்கு முட்டி வலி. கன்னுக்குட்டி பால் குடிக்க மாட்டேங்குது. என்னடா இதுன்னு பாத்துட்டிருந்தா, நேத்து மரத்துக்குப் பாத்தி கட்டறப்ப மண்ணுக்குள்ள இருந்து வருதுங்க சம்பந்தி, செகப்பு நூலு, கறுப்பு நூலு, வேப்பந்தழை, எருக்கந்தழை, உள்ள தகடு! இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு ஆரோ வெச்சிருக்காங்க. செய்வினை எடுக்கறவரு வந்திருக்காருங்க. இப்ப இந்தக் கல்யாணத்தைப் பண்ணுனா ரெண்டு ஊட்டுக்கும் ஆகாதுன்னு சொல்றாரு. ஒரு ஆறு மாசம் தள்ளி வெச்சுக்கலாமுங்களா?"

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்று அப்பா போனை வைத்தார். எங்கள் ஊரில் ஆறு மாதம் தள்ளிவைத்த கல்யாணம் எத்தனை நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா சமையலறை வாசலில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நான் அப்பாவின் தோள் மேலே எட்டிப் பார்த்தேன்.

"அட! என்ற வே 7!"

சத்தியமாகச் சந்தோஷமாகத்தான் கத்தினேன். மூன்று வாரம் மண்ணுக்குள் இருந்தும் என் தையல் பிரியவில்லையே என்ற சந்தோஷம். அப்புறம்தான் எல்லோரும் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"அது உன்றதா?" என்றாள் அக்கா.

"மூணாவது செட்டு" என்றேன். மூன்றாவது முறை தோண்ட வேண்டிய பை அது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டோம். ஷிப்டுக்குப் போனால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம்தான் கைக்கு வரும். அவர் அம்மாவைக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "இது போன்ல சொல்ற சமாச்சாரமாடா? கெளம்பு" என்று அப்பா காருக்குச் சொல்லி அனுப்பினார். பார்த்தால் அக்கா கையைக் கழுவிவிட்டு எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நீ எங்கடி? கல்யாணத்துக்கு முன்னால அந்த ஊட்டுப் படியேறக் கூடாது!" என்றார் அம்மா.

"படியேறலம்மா. தோப்புக்குத்தான் போறேன்" என்றாள் அக்கா.

கார் பொள்ளாச்சியைத் தாண்டியது. நான் என் தரவுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, மீதி நாற்பத்தெட்டுப் பைக்கு என்ன ஆனதோ என்ற கவலையில் இருந்தேன் (வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அதுதான் அப்போது என் கவலை). அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"எனக்கு அவரப் புடிச்சிருக்குடா."

அவ்வளவுதான் சொன்னாள். பெண் பார்க்க வந்துபோன யாரைப் பற்றியும் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேம்பும் எருக்கும் மக்கினால் என்ன, மக்காமல் போனால் என்ன என்று முதல்முறையாகத் தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன், துணிச்சல் வரவில்லை. கோப்பை அவள் மடியில் வைத்தேன்.

தோப்பில் கூட்டம். நடுவில் ஒரு சாக்கை விரித்து, என் நாற்பத்தெட்டுப் பைகளையும் குவித்து, மேலே சூடத்தை வைத்து, தீப்பெட்டியும் கையுமாக நின்றிருந்தார் எடுக்கிறவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கனத்த குரல். "எட்டுத் திக்கையும் கட்டிப்போட்டிருக்கான். கணக்குப் பாத்து, கட்டம் போட்டு வெச்சிருக்கான்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். எந்த ஒழுங்கும் வரவே கூடாது என்று சமவாய்ப்பு எண் போட்டு வைத்தவன் நான். அதிலும் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டார் மனிதர். (புள்ளியியல் வகுப்பில் இதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

அவர் குச்சியை உரசப் போனார். நான் கார்க் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"பத்த வெச்சுப்போடாதீங்க! இன்னும் ஈர எடை எடுக்கலீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இது பாடம், இது தழையுரம், தகட்டில் இருப்பது வெறும் எண், வைத்தது நான், மாமாவிடம் கேட்டுத்தான் வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எனக்கு அத்தை, பொறுமையாகக் கேட்டார். பிறகு கண் கலங்கிப்போய் அப்பாவைப் பார்த்தார்.

"பாருங்க சம்பந்தி, அக்கா கல்யாணம் நின்னுறக் கூடாதுன்னு தம்பி பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாரு. எப்பேர்ப்பட்ட மனசு!"

"இல்லீங் அத்தை, நெசமாலுமே நான்தானுங்க..."

"உங்களப் பாத்தா அப்படித் தெரியலீங்க கண்ணு. நீங்க நல்ல புள்ளைங்க."

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மரியாதை காரணமாக ஒருவரும் நம்பவில்லை. எடுக்கிறவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி கண்ணப் பாருங்க. அவரு மேலயே எறங்கியிருக்கு" என்றார். இரண்டு பேர் என் பக்கத்திலிருந்து லேசாக நகர்ந்தார்கள்.

அப்போது அக்கா காரிலிருந்து இறங்கினாள். அவள் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டையின் பேட்ச் நம்பரைச் சரிபார்க்காமல் எதையும் வாங்கி வைக்காதவள். நேராகச் சாக்குக்குப் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்து, என் கோப்பைத் திறந்தாள்.

"அத்தை, இதுல தம்பி எழுதி வெச்சது எல்லாம் இருக்குதுங்க. நான் படிக்கிறேன். நீங்க ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் எரிச்சுப்போடலாம். வே 1, செகப்பு நூலு?"

வருங்கால மருமகள் மண்ணில் உட்கார்ந்திருக்கும்போது அத்தை எப்படி நின்றுகொண்டிருப்பார்? முட்டி வலியோடு அவரும் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பையைப் பிரித்து, தகட்டை வெயிலில் காட்டினார்.

"வே 1. இருக்குதுங் அம்மணி."

"எ 1, கறுப்பு நூலு?"

"இருக்குது."

முதல் பத்துப் பைக்கு அத்தையின் குரலில் பயம் இருந்தது. இருபதில் பயம் போய் ஆர்வம் வந்துவிட்டது. முப்பதுக்கு மேல், "இந்தத் தம்பி கையெழுத்து ஏனுங் இப்படி கோழி கெளறுன மாதிரி இருக்குது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அக்கா சிரித்தாள். அந்த இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். நாற்பத்தெட்டும் சரியாக இருந்தது.

சாக்கில் இன்னும் இரண்டு பொருள்கள் மிச்சம் இருந்தன. குங்குமம் பூசிய ஒரு கோழிமுட்டை. கட்டம் போட்ட ஒரு செப்புத் தகடு.

அக்கா கோப்பை ஒரு தடவை முழுக்கப் புரட்டினாள். "இது ரெண்டும் லிஸ்ட்ல இல்லீங்களே அத்தை."

எல்லாத் தலையும் எடுக்கிறவர் பக்கம் திரும்பியது. "அது... அது வேற ஆளு வெச்சதுங்க" என்றார் அவர். குரலில் பழைய கனம் இல்லை. "மாசக்கணக்கா மண்ணுல கெடக்குது."

அத்தை முட்டையை எடுத்தார். பக்கத்தில் ஆட்களுக்குக் குடிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் மெதுவாக விட்டார். முட்டை கல் மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கெட்டுப்போனதா இருந்தா மெதக்கோணுமே" என்றார் அத்தை. "இது நேத்து வெச்ச முட்டையாட்ட இருக்குதுங்களே."

இரண்டு வருடம் முதுகலை படித்த நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அன்றைக்கு அந்தத் தோப்பில் நடந்த ஒரே உருப்படியான சோதனை அதுதான்.

எடுக்கிறவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குப் பொள்ளாச்சியில ஒரு சோலி இருக்குதுங்க" என்று நழுவப் பார்த்தார். இப்போது திட்டு விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிடற நேரத்துல எங்கீங்க கெளம்பறீங்க? இருந்து சாப்பிட்டுப்போட்டுப் போங்க."

அவர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். நடக்குமா? "அம்மணி படியேறக் கூடாதுன்னா என்ன, சோறு இங்க வரட்டும்" என்று வீட்டுக்கு ஆள் அனுப்பினார் அத்தை. அரிசிம்பருப்பு சோறும் நெய்யும் அப்பளமும் தயிரும் தோப்புக்கு வந்தன. மோட்டார் ரூம் நிழலில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்து இலை எடுக்கிறவருக்கு. அவர் தலையே நிமிரவில்லை. அத்தை அவருக்கு மூன்று தடவை நெய் விட்டார். அதைவிடப் பெரிய தண்டனை சட்டப் புத்தகத்தில்கூடக் கிடையாது.

சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா மெதுவாக, "அப்ப... தேதிங்க?" என்றார்.

"பத்திரிகையில போட்ட தேதிதானுங்க. அதுல என்ன மாத்தம்?" என்றார் அத்தை. அக்கா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதற்குப் பிறகுதான் எனக்கான பூசை. அத்தை கையில் கரண்டியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, தோப்புக்கு ரெண்டு தடவை வந்தீங்களா?"

"ஆமாங் அத்தை."

"ரெண்டு தடவையும் ஊட்டுக்கு வராமயே போய்ட்டீங்களா?"

நான் இலையைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

"செய்வினை வெச்சிருந்தாக்கூட மன்னிச்சிருவேனுங்க. எங்கூரு வரைக்கும் வந்துபோட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போயிருக்கீங்களே, நாங்க என்ன பாவமுங்க பண்ணுனோம்?"

நிஜமாகவே அவர் குரல் உடைந்தது. செய்வினையைக் கேள்விப்பட்டபோதுகூட அவர் அப்படிக் கலங்கவில்லை. நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். தண்டனையாக இன்னும் இரண்டு கரண்டி சோறு விழுந்தது.

பல்கலைக்கழகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். "மாதிரிகள் அனைத்தையும் மூன்றாவது வாரமே ஏன் எடுத்தீர்கள்?" என்று தேர்வாளர் கேட்டார். "புறக் காரணிகள்" என்று மழுப்பினேன். விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "புதைத்ததில் ஒன்றுகூடத் தொலையாமல் நாற்பத்தெட்டும் திரும்பக் கிடைத்ததா? எனக்கெல்லாம் பாதி பை கிடைத்தாலே பெரிது. தோண்டியெடுத்த அந்த ஆளின் நம்பர் இருக்கிறதா?" என்றார். தேறுகிற அளவுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, சோதனையை மறுபடி செய்து காட்டச் சொன்னார். கல்யாணம் முடிந்து அதே தோப்பில் செய்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, முதலில் வீடு, பிறகு சாப்பாடு, பிறகுதான் மண்வெட்டி. இரண்டரை மாத முடிவில் இலைகள் பாதி எடை குறைந்திருந்தன. நான் நான்கு கிலோ கூடியிருந்தேன்.

இப்போது நான் கோவையில் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். அக்காவும் அத்தையும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரு கல்யாணமென்றால் ஒட்டுக்காகச் சேர்ந்தே கிளம்பி வருவார்கள், பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவார்கள், யாரையாவது பார்த்துக் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். சொந்தக்காரர்களுக்கு இது தாங்காது. "அதெப்படிங்க மாமியாளும் மருமவளும் சண்டையே போடாம இருக்கீங்க?" என்று கேட்பார்கள். அத்தை முகத்தை மாற்றாமல் என்னைக் கை காட்டுவார்.

"எல்லாம் இந்தத் தம்பி வெச்சதுங்க. எங்க தோப்புல அறுவது எடத்துல வெச்சாரு. அதுல இருந்து நாங்க இப்படித்தான்."

பந்தியே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். பழகிவிட்டது.

போன மாதம் உடுமலையில் ஒரு கல்யாணம். கை கழுவப் போன இடத்தில் ஓர் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முன்பின் தெரியாதவர். நகையும் பட்டுமாக இருந்தார். முகத்தில் மட்டும் அவ்வளவு களைப்பு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங் தம்பி, உங்க அத்தை சொன்னாங்க. என்ற மருமவளும் நானும் பேசியே எட்டு மாசமாச்சுங்க. எங்க தோப்புலயும் வந்து வெச்சுத் தருவீங்களா?"

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். இந்த வருடம் என் வகுப்பில் பதினான்கு பேர். களப்பணிக்கு இன்னும் இடம் கிடைத்தபாடில்லை.

"உங்க தோப்புல எத்தனை மரமுங்க?" என்று கேட்டேன்.